ஆணிதான் என்று சொன்னேன்

மரம் அறுக்கும் மிஷினில் எது நல்ல மிஷின் என்று கேட்டால் சங்கரன்கோவிலில் அடிதடி இல்லாமல் பதில் கிடைக்காது. என் கடை வாசலிலேயே இரண்டு மண்டை உடைந்திருக்கிறது. ஒன்று ஜெர்மன் மிஷின்காரன் மண்டை, மற்றது சுவீடன் மிஷின்காரன் மண்டை. அந்த வகையில் இரண்டு கம்பெனியும் சமம்.

புளியங்குடி ரோட்டில் நான் செயின் ராவும் கடை வைத்திருக்கிறேன். மிஷின் செயினில் இருக்கும் பல்லை அரத்தால் தீட்டிக் கொடுப்பதுதான் வேலை, கூடவே சில்லறை ரிப்பேர். பொம்பளை வைத்திருக்கும் கடை என்று முதலில் சிரித்தவர்கள், இப்போது குருவிகுளம் பக்கமிருந்தெல்லாம் பைக் ஹேண்டிலில் செயினைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அரத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. எனக்குக் கோபம் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன் மிஷின் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. காலையில் முதல் இழுப்பிலேயே சத்தம் கொடுக்கும். நல்ல பலம், பெரிய தடியில் திணறாது. கொஞ்சம் கனம், அவ்வளவுதான். சுவீடன் மிஷின் முழு ஆரஞ்சு. கையில் அதிர்வு குறைவு. நாள் முழுக்க அறுத்துவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தால் விரல் நடுங்காது. ஆனால் நம் ஊர்ப் புழுதிக்கு அதன் காற்று வடிகட்டியைத் தினமும் தட்டிப் போட வேண்டும், தட்டாவிட்டால் மூச்சு முட்டிவிடும். சைனா மிஷின் பாதி விலை, பாதி ஆயுள். ஒரு கருவேலங்காட்டை அறுத்துக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு அதுவே போதும்.

மூன்றையும் பிரித்துப் போட்டுப் பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன். மரத்தை அறுப்பது மிஷின் இல்லை, செயின். இதைச் சொன்னால் எந்தக் கட்சிக்காரனுக்கும் பிடிக்காது.

இவை எல்லாம் வருவதற்கு முன்னால் ஒரு மஞ்சள் மிஷின் இருந்தது. அதைத் தூக்கி வைக்கவே ஒரு ஆள் வேண்டும். பிரேக் என்ற பேச்சே கிடையாது. அதை வைத்திருந்தவருக்குக் காது போய்விட்டது. வீட்டில் உப்பு வேண்டும் என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்லுவார். புருஷன் பொண்டாட்டி சண்டை என்று தெரு நினைத்துக்கொள்ளும். பாதி நாள் உண்மையிலேயே சண்டைதான்.

அதற்கும் முன்னால் என் அப்பா இழுத்த ரம்பம். ஆள் நீளம் இருக்கும், இரண்டு முனையிலும் கைப்பிடி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்க வேண்டும். பழைய ரம்பம் சாது என்று சொல்பவன் அதை ஒரு நாளும் இழுத்திருக்க மாட்டான். எதிரே நிற்பவன் இழுக்கும்போது நம் கையைத் தளர்த்திவிட வேண்டும். நாம் இழுக்கும்போது அவன் தளர்த்தாமல் தன் சுமையை ரம்பத்தில் சாய்த்தால் நம் தோள்பட்டை கழன்றுவிடும். ஒரு நாள் நான் சோறு கொண்டுபோன நேரம், அப்பாவும் அவர் கூட்டாளியும் ரம்பத்தைப் பாதி வேப்பமரத்துக்குள் விட்டுவிட்டு, தரையில் புரண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அவருடைய முன்பல் இரண்டைப் பெயர்த்தார். அவர் அப்பாவின் கட்டைவிரலைக் கடித்து நகத்தை எடுத்துவிட்டார். பிறகு இருவரும் வாயைக் கொப்பளித்துவிட்டு மிச்ச மரத்தை அறுத்து முடித்தார்கள். பாதி அறுத்த மரத்தை அப்படியே விட்டுப் போகக் கூடாது, காற்றில் யார் தலையிலாவது விழும்.

அந்த ரம்பத்தைத் தீட்டித்தான் நான் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அதில் ஆணி பட்டால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், இரண்டு பல் போகும், அதோடு சரி. மிஷினில் ஆணி பட்டால் செயின் அறுந்து ஆள்மேல் வரும்.

எங்கள் பக்கத்துப் புளியமரங்களில் ஆணி இருக்கும். பேய் பிடித்தவர்களைக் கோடாங்கியிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் உடுக்கை அடித்து, சாட்டையால் அடித்து, பேயைப் பேசவைத்து, கடைசியில் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடுங்கிப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார். பேய் அந்த ஆணியோடு மரத்தில் கட்டுப்பட்டுவிடும். வருஷம் போகப் போக மரம் பருத்து ஆணியை விழுங்கிவிடும். அந்த ஆணியை எவன் கிளறுகிறானோ அவனைப் பேய் பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அதனால் பழைய புளியமரம் என்றால் மிஷினை வைப்பதற்கு முன் எல்லாரும் பட்டையைத் தடவிப் பார்ப்பார்கள். பேய்க்குப் பயந்தவன் அதற்காகப் பார்ப்பான், மற்றவன் செயினுக்காகப் பார்ப்பான்.

என் தம்பி சுவீடன் கட்சி. எனக்கு எட்டு வயது இளையவன், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். ஜெர்மன் கட்சிக்குக் கரிவலம்வந்தநல்லூர்காரன் ஒருவன் தலைவன். அவனை ஜெர்மன்காரன் என்றே கூப்பிடுவோம். ஜெர்மனி எந்தத் திசை என்று கேட்டால் ராஜபாளையம் பக்கம் கை காட்டுவான். இரண்டு பேரும் ஒரே காண்டிராக்டரிடம் வேலை பார்த்தார்கள். ரோட்டை அகலப்படுத்த வெட்டிச் சாய்த்த புளியமரங்களைத் துண்டு போடும் வேலை.

ஒரு நாள் என் கடையில் வைத்தே பேச்சு வளர்ந்தது. தம்பியின் மிஷின் முந்தின நாள் ஒரு தடியில் திணறியதாம். ஜெர்மன்காரன் பைக்கில் உட்கார்ந்தபடியே சொன்னான்.

"மிஷினக் குத்தம் சொல்லாதீரும் வே. பொம்பள ராவுன செயினப் போட்டா, அது புளியம்பழம் உலுக்கத்தான் ஆவும்."

என் கையில் இருந்த அரம் பறந்துவிட்டது. நான் எறிந்தேன் என்று சொல்ல வேண்டும். அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டு விழுந்தது. அதற்குள் தம்பி அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டான். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து விலக்கினார்கள். சட்டைப் பொத்தான் எல்லாம் தெறித்துக் கிடந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே இருவரும் பந்தயம் வைத்தார்கள். ரோட்டோரம் கிடக்கும் பெரிய புளியந்தடியில் ஆளுக்கொரு இடத்தில் அறுக்க வேண்டும், முதலில் துண்டு விழுத்துகிறவன் ஜெயித்தவன், தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பந்தயம். சண்டை நடந்த அன்று மத்தியானமே தம்பி செயினைக் கொடுத்துவிட்டுப் போனான். "நல்லாத் தீட்டி வையி எக்கா" என்றான், அவ்வளவுதான்.

செயினில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் கட்டுப்படுத்துகிறது. பல் தேயத் தேய மேட்டையும் கொஞ்சம் ராவ வேண்டும். எவ்வளவு என்று பார்க்க ஒரு தகடு இருக்கிறது, கேஜ் என்போம். அளவுக்கு மேல் ராவினால் செயின் மரத்தை வாரி வாரிக் கடிக்கும், வேகம் பறக்கும். ஆனால் செயின் ஓடும் பட்டையின் முனை எதிலாவது இடித்தால் மிஷின் ஆள்மேல் எகிறும். கடைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் இதை நான் சொல்லியிருக்கிறேன். மேட்டைக் கூட ராவித் தரச் சொன்ன இரண்டு பேரை வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்பியும் இருக்கிறேன்.

அன்றைக்குக் கேஜை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினேன். ஒவ்வொரு மேட்டிலும் ஜெர்மன்காரன் மூஞ்சியை நினைத்துக்கொண்டு அரத்தை இழுத்தேன். தம்பி கேட்டுச் செய்யவில்லை, அவனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் வேண்டாம் என்பான் என்று தெரியும். பொம்பளை ராவிய செயின் என்ன செய்யும் என்று அந்த மூதிக்குக் காட்ட வேண்டும் என்பது தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

மறுநாள் காலையில் ரோட்டோரம் நல்ல கூட்டம். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். தடியின் நடுப்பகுதியில் நாலைந்து ஆணித் தலைகள் துருப்பிடித்துத் தெரிந்தன. அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு, ஜெர்மன்காரன் அடிப்பக்கமும் தம்பி அதிலிருந்து நாலடி தள்ளியும் நின்றார்கள். மிஷின் எகிறினால் செயினை நிறுத்துகிற பிரேக்கை இரண்டு மிஷினிலும் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இந்த ஊரில் பிரேக்கைக் கட்டாத மிஷினை நான் பார்த்ததில்லை, அடிக்கடி விழுந்து வேலையைக் கெடுக்கிறதாம்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தம்பி பாதித் தடியைத் தாண்டிவிட்டான். ஜெர்மன்காரன் இன்னும் கால்வாசியில் இருந்தான். மரத்தூள் தூளாக வரவில்லை, சீவல் சீவலாக வந்தது. கூட்டம் விசிலடித்தது. "பாருலே, பாரு!" என்று கத்திக்கூட விட்டேன்.

அப்போதுதான் மிஷின் எகிறியது. தடியின் மறுபக்கம் ஒரு கிளை முண்டு இருந்தது, முனை அதில் இடித்துவிட்டது. சத்தம் மாறிற்று, ஆரஞ்சு நிறம் மேலே போனது, தம்பி முகத்துக்கு நேரே வந்தது. அவன் தலையைத் திருப்பினான். அதனால் உயிர் தப்பியது. செயின் வலது தோளில் இறங்கி நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. சட்டைத் துணியும் சதையும் செயினில் சுற்றிக்கொண்ட பிறகுதான் மிஷின் அணைந்தது. காறையெலும்பு வெள்ளையாகத் தெரிந்தது, ஒரு நொடிதான், பிறகு ரத்தம் மூடிவிட்டது. சுண்ணாம்புக் கோட்டில், மரச்சீவலில், பக்கத்தில் நின்ற ஒருவரின் வேட்டியில், எங்கும் ரத்தம். தம்பி கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். நான்தான் கத்தினேன்.

ஓடி வந்து காயத்தில் துண்டைத் திணித்து, தன் முழு பாரத்தையும் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வேனில் வந்தது ஜெர்மன்காரன்தான். அவன் மீசையெல்லாம் என் தம்பி ரத்தம்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன மறுநாள், அந்த மிஷினை என் கடைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். என்ன ஆயிற்று என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். செயினைக் கழற்றினேன். தம்பியின் சட்டை நூல் அதில் இன்னும் இருந்தது. பல் பல்லாகப் பார்த்தேன். ஆணி பட்ட பல் எனக்குத் தெரியும், நுனி நசுங்கிப் பளபளவென்று இருக்கும். இதில் ஒரு பல்கூட நசுங்கவில்லை. நான் தீட்டிக் கொடுத்த கூர் அப்படியே இருந்தது.

ஜெர்மன்காரன் குனிந்து கேட்டான். "ஆணியா எக்கா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் செயினைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"ஆணிதான்" என்றேன்.

அவர்கள் போன பிறகு செயினை மண்ணெண்ணெய் டின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன். ஒரு பொய் சொன்னேன், அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அது இரண்டு தெருவைத் தாண்டுவதற்குள் பேயாகிவிட்டது. ஆணி என்றால் கட்டி வைத்த பேய், பேய் என்றால் தம்பி அதை அவிழ்த்துவிட்டான் என்று அர்த்தம்.

தம்பி வீட்டுக்கு வந்தான். வலது கையில் கடைசி இரண்டு விரல் மடங்கவில்லை. அது பரவாயில்லை. ஆனால் அவன் தூங்கவில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஆட்டோ சத்தம் கேட்டால் தோளைப் பொத்திக்கொள்வான். சோறு இறங்கவில்லை. அவன் பொண்டாட்டி அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மன் சன்னதிக்கு முன்னால், பேய் பிடித்தவர்கள் உட்கார்ந்தால் தெளியும் என்கிற சக்கரக் குழியில் சில நாள் உட்கார வைத்தாள். உட்கார்ந்திருக்கும் வரை அமைதியாக இருந்தான். வெளியே வந்து ரோட்டில் லாரி ஹாரன் அடித்ததும் பழையபடி ஆகிவிட்டான்.

"மதினி, இது அந்த ஆணியில கெடந்தவதான். நீங்களே ஆணின்னு சொன்னீயல்லா" என்றாள் அவள். கோடாங்கியிடம் போவது என்று முடிவு செய்துவிட்டாள். டாக்டரிடம் சொல்லலாம் என்றேன். "தையல் போட்டவருக்குப் பேயப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் எவன் என்னிடம் செயின் கொண்டுவருவான் என்ற நினைப்பு முதலில் வந்தது. தம்பி முகத்தில் எப்படி விழிப்பது என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. வெட்கம் கெட்டு இதை எழுதுகிறேன்.

குருவிகுளத்தைத் தாண்டி ஒரு ஊர். வெள்ளிக்கிழமை, உச்சி வெயில். சின்னக் கோயிலுக்குப் பின்னால் வெறும் பொட்டல், ஓரத்தில் ஒரு புளியமரம். தம்பியை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி ஈர வேட்டியோடு தரையில் உட்கார வைத்தார்கள். தோளில் தையல் போட்ட இடம் செக்கச் சிவந்து தடித்திருந்தது. கோடாங்கி உடுக்கையை அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார். அந்தச் சத்தத்துக்கே அவன் உடம்பு தூக்கிப் போட்டது. பேய் ஆடுகிறது என்று கூட்டம் குலவை போட்டது.

"ஆரு நீ? எந்த ஊரு?" என்று கேட்டு முதல் சாட்டையை விட்டார். முதுகில் கோடு விழுந்தது.

"அடிக்காதீங்க சாமி. நான்தான், நான் மரம் அறுக்குதவன்."

"பொய் சொல்லுத." மறுபடி அடி. "ஆரு நீ?"

ஐந்தாவது அடி தோளில், தையல்மேல் விழுந்தது. புண் வாய் திறந்து மஞ்சள் தண்ணீரோடு ரத்தம் இறங்கியது. தம்பி தரையில் மண்ணை அள்ளிக்கொண்டு அழுதான். "சொல்லுதேன், சொல்லுதேன்… நான் பொம்பள… நான் தூக்குல தொங்கினவ…" அடி நிற்க வேண்டும் என்பதற்காக அவன் எந்தப் பெயரையும் சொல்லியிருப்பான். ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கோடாங்கி அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டே கையை ஓங்கினார்.

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். என் அப்பாவின் கூட்டாளி கடித்தது போலத்தான், விடவே இல்லை. வாயில் உப்புக் கரித்தது. என் கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்துவிட்டது. நாலு பேர் என்னைப் பிய்த்து எடுத்தார்கள்.

"பேயும் இல்ல, ஆணியும் இல்லவே! அவன அறுத்தது நான்! நான்தான்! அவன வுடுங்க, பேதில போவான்களா!"

கூட்டம் ஒரே மூச்சில் பின்வாங்கியது. தம்பி பொண்டாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோடாங்கி ரத்தம் வடியும் கையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவன வுட்டுட்டு இவமேல தாவிட்டா! பாத்தேளா, வாயத் தொறந்து ஒத்துக்கிட்டா!"

அதற்குப் பிறகு நான் சொன்னது எல்லாமே பேய் சொன்னதாகிவிட்டது. செயின் என்றேன், மேடு என்றேன், கேஜ் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி. தொடையில், முதுகில், ஒன்று காதோடு சேர்த்து. நார்ச் சாட்டை விழும்போது சுடும், எடுக்கும்போதுதான் சதையைக் கூட்டிக்கொண்டு வரும். நான் முழங்காலில் விழுந்தபோது தம்பியைப் பார்த்தேன். அவன் ஈர வேட்டியோடு எழுந்து நின்று என்னை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த நிம்மதி இருந்தது. பேய் தன்னை விட்டுப் போய்விட்டது என்று அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான்.

அந்த முகத்தைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். உச்சிமுடியைக் கொத்தாகப் பிடுங்கினார்கள், தோலும் கொஞ்சம் வந்தது. புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். திரும்பி வரும்போது தம்பி வேனில் பொண்டாட்டி தோளில் சாய்ந்து குறட்டை விட்டுத் தூங்கினான். ஹாரன் சத்தத்துக்குக்கூட அவன் அசையவில்லை.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் லீவு போட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். எழுந்து போய் அரிவாள்மனையை எடுத்துப் பரண்மேல் வைத்தார். தம்பி பொண்டாட்டியிடம் சொன்னேன். "மதினி, திரும்ப ஆரம்பிச்சிராதீய" என்று நெற்றியில் விபூதியை அள்ளி அப்பினாள். சரி, தூங்குகிறவன் தூங்கட்டும், இது இப்படியே போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அவனுக்குச் சோறு இறங்கியது. உடம்பு தேறியது. எனக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்றுகூட மனசுக்குள் கணக்கை முடித்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவன் கடைக்கு வந்தான். கையில் அவன் மிஷின், புதுச் செயின் ஒன்று. மடங்காத இரண்டு விரலையும் காட்டி, மற்ற மூன்று போதும் என்று சிரித்தான். ஜெர்மன்காரனோடு பேசிவிட்டானாம், விட்ட பந்தயத்தை மறுபடி வைக்கப் போகிறார்களாம்.

"எக்கா, அன்னைக்கு ராவுனீல்லா, அது மாதிரியே ராவிக் குடு. அப்படி ஒரு கடி நான் பாத்ததில்ல. அந்தச் சவத்து ஆணி மட்டும் இல்லன்னா ஜெயிச்சிருப்பேன்."

வாயால் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும், பொண்டாட்டியைக் கூப்பிடுவான், விபூதி வரும். நான் உள்ளே போய் மண்ணெண்ணெய் டின்னிலிருந்து பழைய செயினை எடுத்துத் துடைத்தேன். கேஜை அதன்மேல் வைத்து ரோட்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். தகட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பிறகு இரண்டையும் அவன் கையில் கொடுத்தேன்.

அவன் தொழில்காரன். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பல்லாக நகர்த்தினான். நசுங்கிய பல் ஒன்றாவது இருக்கும் என்று தேடினான். முழுச் செயினையும் ஒரு சுற்றுச் சுற்றி முடித்தான். அதற்குள் அவன் முகம் கறுத்துவிட்டது.

"ஆணி படல."

"படல."

"நீ வேணும்னு ராவுனியா?"

"ஆமா."

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"மிஷினக் கொண்டாந்து வச்ச அன்னைக்கே."

செயினைக் கீழே போட்டான். இடது கையால் அடித்தான். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் பட்டறைமேல் போய் விழுந்தேன், உதடு கிழிந்துவிட்டது. சாட்டையடியில் வராத அழுகை அப்போது வந்தது. அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து என் முகத்தைப் பிடித்துத் திருப்பினான். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

"இது ராவுனதுக்கு இல்ல. ராவுனது கோவத்துல செஞ்ச. என்ன அங்கன உக்கார வச்சு அடிக்கும்போது அஞ்சு அடி வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னீல்லா, அதுக்கு."

ஐந்து என்று அவனும் எண்ணியிருக்கிறான். நான் மட்டும்தான் எண்ணினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைப் பற்றி அவன் ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆணியைக் கிளறிப் பேயை அவிழ்த்துவிட்டவன் என்ற பெயரை அவன்தான் இன்றுவரை சுமக்கிறான், என் கடைக்கு ஒரு செயின்கூடக் குறையவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை வருகிறான். எக்கா என்றுதான் கூப்பிடுகிறான். ராவி முடித்த செயினைக் கொடுத்ததும் மேஜையிலிருந்து கேஜை எடுத்து, என் முன்னாலேயே, முதல் பல்லிலிருந்து கடைசிப் பல் வரை வைத்துப் பார்க்கிறான். அவன் பார்த்து முடிக்கும் வரை நான் அடுத்த செயினைத் தொடுவதில்லை.